கடலே இல்லாத சேலத்தில் ஆமை ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: "ஓமலூர் பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் எங்கள் ஏரியில் வண்டல் அள்ளும்போது ஜேசிபி வாளியில் ஒரு ஆமை உயிரோடு வந்தது. முதுகு வழவழவென்று இருக்கிறது, மூக்கு குழாய் மாதிரி நீண்டிருக்கிறது. வீட்டுக்குள் விட அப்பா சம்மதிக்கவில்லை. தொழுவத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். எனக்கு ஆமைகளை ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் யாரைக் கேட்டாலும் கடல் ஆமையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். சேலத்தில் இருந்துகொண்டு இதில் ஏதாவது செய்ய முடியுமா? ஆமை ஆராய்ச்சி என்றால் உண்மையில் என்னதான் செய்வார்கள்?"

தம்பி, முதலில் அண்டாவில் இருப்பதைப் பார்ப்போம். ஆராய்ச்சி அப்புறம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பாலாமை. விலங்கியலில் லிசெமிஸ் பங்க்டாட்டா. மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின்னங்கால்கள் வெளியே வரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோல் மடிப்புகள் இருக்கும். காலை உள்ளே இழுத்ததும் அவை கதவு போல மூடிக்கொள்ளும். முன்பக்கத்து அடி ஓடும் அசையக்கூடியது, அதுவும் மேலே எழும்பித் தலையை மறைத்துவிடும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகம்தான். ஓட்டில் கட்டம் கட்டமாகக் கோடு இருக்காது, ஏனென்றால் எலும்புக்கு மேல் தோல்தான் போர்த்தியிருக்கிறது. தூக்கும்போது பக்கவாட்டில் பிடிக்காதீர்கள். கழுத்து நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நீளும், திரும்பிக் கடிக்கும். ஓட்டின் பின்பாதியில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நான் முதன்முதலில் ஒன்றைப் பிடித்தது தாரமங்கலம் பக்கத்து வாய்க்காலில். கட்டைவிரல் சதையில் அதன் வாய் பதிந்த இடம் ஒரு மாதம் கறுத்திருந்தது.

பாலாமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நீங்கள் காப்பாற்றத்தான் எடுத்து வந்தீர்கள். ஆனால் இன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஏரியில் எந்த மூலையிலாவது தண்ணீரோ ஈரச்சேறோ மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். வேறு ஊர் ஏரிக்கோ மேட்டூருக்கோ கொண்டுபோக வேண்டாம், அது பிறந்து வளர்ந்த இடத்திலேயே விடுவதுதான் சரி. அதுவரை அண்டாவில் கழுத்தளவு தண்ணீர் வேண்டாம், ஓடு மூழ்கினால் போதும், மேலே ஈரச்சாக்கு போட்டு நிழலில் வையுங்கள்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சு நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பயத்தாலேயே எத்தனையோ ஆமைகள் கொல்லப்படாமல், தொடப்படாமல் தப்பியிருக்கின்றன என்று நினைக்கிறேன். அதைவிட மோசமான நம்பிக்கை மூலத்துக்கு ஆமைக்கறி மருந்து என்பது. மூலத்துக்கு அது எதுவும் செய்யாது. ஆனால் ஏரி வற்றும் மாதங்களில் கம்பியால் சேற்றைக் குத்திக் குத்தி ஆமை தேடுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கைதான் வாடிக்கையாளர்களைத் தருகிறது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். கடல் ஆமை பற்றியே பேசுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். உங்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெ. விஜயா. விஜி என்றுதான் கூட வேலை செய்தவர்கள் கூப்பிடுவார்கள். 1959-ல் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே சென்னை பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராகப் போனார், அப்புறம் அதுவே வாழ்க்கை ஆகிவிட்டது. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று இன்று அவரைச் சொல்கிறோம். கடல் ஆமைக்காகவும் அவர் வேலை செய்தார். 1980-களின் தொடக்கத்தில் வங்காளக் கரையில் பங்குனி ஆமைகள் மலைமலையாக வெட்டப்படுவதை அவர் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தன. பிரதமராக இருந்த இந்திரா காந்தி கடலோரக் காவல்படையை அனுப்பும் அளவுக்கு அது போனது. ஆனால் அவருடைய மனம் முழுக்க நன்னீர் ஆமைகளில்தான் இருந்தது. யாரும் கவனிக்காத குளத்து ஆமை, காட்டு ஆமை.

பிரம்பு ஆமை என்று ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் தரையில் திரியும் சின்ன ஆமை, உள்ளங்கையில் அடங்கிவிடும். 1912-ல் ஹென்டர்சன் என்பவர் அதை முதலில் விவரித்து எழுதினார். அதன்பிறகு எழுபது வருடம் எந்த விஞ்ஞானியின் கண்ணிலும் அது படவில்லை. அழிந்துவிட்டதோ என்றுகூடப் பேசினார்கள். 1982-ல் விஜயா சாலக்குடிக் காட்டில் அதை மறுபடி கண்டெடுத்தார். அவருக்கு வழி காட்டியவர்கள் காடர் பழங்குடியினர். அவர்களுக்கு அந்த ஆமை எழுபது வருடமும் தெரிந்தே இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. காட்டுக்குள் ஒரு குகையில் தங்கி, அவர்களோடு நடந்து, அந்த ஆமை எங்கே ஒதுங்குகிறது, என்ன தின்கிறது என்று குறிப்பெடுத்தார். 1987-ல், முப்பது வயதுகூட ஆகாமல், விஜயா இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமைக்குத் தனிப் பேரினம் வகுத்தபோது அவர் பெயரையே வைத்தார்கள்: விஜயாகெலிஸ். ஒரு தனிப் பேரினத்தின் பெயராகவே நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் குகையையும் காட்டையும்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. விஜயா பாலாமையைப் பற்றியும் எழுதியிருக்கிறார், உங்கள் அண்டாவில் இருக்கும் அதே ஆமை. பாலாமை முட்டை பொரிவதற்கு ஒலி ஒரு தூண்டுகோலாக இருக்கலாம் என்று 1983-ல் ஒரு சிறு குறிப்பு. அதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு கோடை இடியின்போதும் எனக்கு எங்கள் ஊர் ஏரிக்கரை ஞாபகம்தான் வரும். மண்ணுக்குள் முட்டைகள் காத்திருக்கின்றன, சேர்வராயன் பக்கம் வானம் கறுத்து இடிக்கிறது. அந்த முட்டைகளுக்கு அது கேட்கிறதா? சேலத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்விதானே இது? கடல் எதற்கு?

ஆமை ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் எண்ணுவார்கள். பிடித்து, அளந்து, அடையாளம் போட்டு, விட்டு, மறுபடி பிடிப்பார்கள். கேட்க அலுப்பாக இருக்கும், செய்யும்போது அப்படி இல்லை.

ஒரு ஏரியில் எத்தனை ஆமை என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. முதல் சுற்றில் 20 ஆமை பிடித்து அடையாளம் போட்டு விடுகிறீர்கள் என்று வையுங்கள். சில வாரம் கழித்து 15 பிடிக்கிறீர்கள், அதில் 5 ஏற்கெனவே அடையாளம் உள்ளவை. மூன்றில் ஒரு பங்கு உங்கள் அடையாளத்தோடு வருகிறது என்றால், அந்த 20-ம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆக ஏரியில் சுமார் 60. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர, இடையில் எதுவும் ஏரியை விட்டுப் போகவோ புதிதாக வரவோ கூடாது. பாலாமையோ முதல் மழைக்கே வரப்பேறி அடுத்த குட்டைக்கு நடந்துவிடும். அதனால் எந்த மாதத்தில் எண்ணுகிறீர்கள் என்பது எண்ணுவதைவிட முக்கியம்.

அடையாளம் போடுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. கெட்டி ஓடு உள்ள ஆமைக்கு ஓட்டின் விளிம்புக் கட்டங்களில் சின்ன வெட்டு போடுவார்கள். எந்தக் கட்டத்தில் வெட்டு என்பதை வைத்து எண் படிக்கலாம். கோஸ்டாரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையில் 1955-ல் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க ஆய்வாளர் பச்சை ஆமை என்ற கடல் ஆமைகளுக்கு அடையாளம் போடத் தொடங்கியபோது ஓட்டில் துளை போட்டுக் கம்பியால் தகடு கட்டினார். அவை உரசி உரசி விழுந்துவிட்டன. அப்புறம் மாட்டின் காதில் மாட்டும் உலோக வில்லையை எடுத்துத் துடுப்பில் மாட்டினார், அது நின்றது. கடல் ஆமை பல நூறு மைல் போய்விட்டு முட்டையிட அதே கரைக்குத் திரும்புகிறது என்பது இப்படித்தான் உறுதியானது. நம் பாலாமைக்கு விளிம்புக் கட்டமே கிடையாது, வெட்டு போட முடியாது. தோலுக்கடியில் அரிசி அளவுச் சில்லு ஒன்றை ஊசியால் செலுத்துவதுதான் இப்போதைய வழி.

ஆமை இரவில் எங்கே போகிறது என்று பார்க்க எனக்கு மிகப் பிடித்த முறை நூல். ஓட்டின் பின்புறம் ஒரு சின்ன நூல்கண்டை ஒட்டி, நூல்முனையை ஒரு செடியில் கட்டிவிடுவார்கள். ஆமை நடக்க நடக்க நூல் பிரியும். காலையில் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் அது எங்கே நின்றது, எந்தப் புதரைச் சுற்றியது, எங்கே திரும்பியது எல்லாம் தரையில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் லூசில் ஸ்டிக்கல் என்ற அம்மையார் 1940-களில் காட்டுப் பெட்டி ஆமைகளை இப்படித்தான் பின்தொடர்ந்தார். ரேடியோ கருவி வந்த பிறகும் இது வழக்கொழியவில்லை, ஏனென்றால் ரேடியோ இருக்கும் இடத்தைத்தான் சொல்லும், நூல் போன பாதையையே காட்டும். தறி ஓடும் ஊரில் பிறந்த நமக்கு நூலுக்கா பஞ்சம்?

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆமையைக் காப்பாற்றுவது என்றதும் எல்லாருக்கும் முட்டையும் குஞ்சும்தான் கண்முன் வரும். கூடையிலிருந்து குஞ்சுகளைக் கடலில் விடும் படம். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆமையின் கணக்கு வேறு மாதிரி. குஞ்சுகளில் பெரும்பாலானவை எப்படியும் செத்துவிடும். நண்டு, மீன், காகம், நாய். ஆமை இனம் கோடிக்கணக்கான வருடமாக இந்த இழப்பைத் தாங்கித்தான் வந்திருக்கிறது. எப்படித் தாங்கியது? வளர்ந்த ஆமை எளிதில் சாகாது. ஓடு காப்பாற்றும். ஒரு பெண் ஆமை பத்து, இருபது, முப்பது வருடம் தொடர்ந்து முட்டையிடும். அதில் ஒன்றிரண்டு தங்கினால் போதும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளாண்டிங் ஆமை என்ற நன்னீர் ஆமையைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் ஆமை முதல் முட்டை இடுவதற்கே பதினான்கு வயதாவது ஆக வேண்டும், சிலவற்றுக்கு இருபது. எழுபது வயதைத் தாண்டிய ஆமைகளும் முட்டையிடுகின்றன. ஜஸ்டின் காங்டனும் அவருடன் இருந்தவர்களும் 1993-ல் இந்தத் தரவுகளை வைத்து எழுதியது ஆமை ஆராய்ச்சியில் ஒரு திருப்பம். வளர்ந்த ஆமைகள் வருடத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செத்தாலே அந்தக் கூட்டம் தேய்ந்துகொண்டே போகும், முட்டையை எவ்வளவு காப்பாற்றினாலும் ஈடுகட்ட முடியாது என்று காட்டினார்கள். அதற்கு முன்பே 1987-ல் பெருந்தலை ஆமை என்ற கடல் ஆமைகளை வைத்து வேறொரு குழு இதே முடிவுக்கு வந்திருந்தது. முட்டைக் காவல் மட்டும் போதாது, இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகும் பெரிய ஆமைகளைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். வலையிலிருந்து ஆமை வெளியேறுவதற்கான கருவியைப் படகுகளில் கட்டாயமாக்கியதற்கு அந்தக் கணக்கு பெரிய துணையாக நின்றது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, எனக்கு அது அவ்வளவு வலித்தது இதனால்தான். ஒதுங்கியவை வளர்ந்த ஆமைகள், இன்னும் பல வருடம் முட்டையிட வேண்டியவை.

இதை அப்படியே உங்கள் ஏரிக்குக் கொண்டு வாருங்கள். ஜேசிபி வாளியில் வந்தது எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்து, வாலும் குட்டையாக இருந்தால் அது வளர்ந்த பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணுக்கு வால் தடிப்பாக நீண்டிருக்கும். உங்கள் ஏரி சேர்த்து வைத்த முதலே அந்த மாதிரி ஆமைகள்தான். வாளியில் அடிபட்டுச் செத்த ஒரு பெண் ஆமை, நூறு குஞ்சு செத்ததைவிடப் பெரிய இழப்பு.

அப்படியானால் வண்டல் அள்ளவே கூடாதா? அள்ளாவிட்டால் ஏரி மேடாகிப் போகும், அப்புறம் ஆமைக்கும் இடமில்லை, நெல்லுக்கும் தண்ணீரில்லை. ஆனால் எப்படி அள்ளுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஏரி வற்றும்போது பாலாமை செத்துப்போவதில்லை. சேற்றுக்குள் இறங்கிப் புதைந்து, மேலே மண் வெடித்துக் கட்டி தட்டினாலும் உள்ளே ஈரத்தோடு மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். நமக்கு அது காய்ந்த ஏரி, அதற்கு அது படுக்கை. நாம் இயந்திரத்தை இறக்குவதும் சரியாக அந்த மாதங்களில்தான். ஏரி முழுவதையும் ஒரே கோடையில் வழித்து எடுக்காமல், பாதியை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் என்று எடுத்தால் ஆமைக்கு ஒரு பக்கம் தங்கும். மதகுப் பக்கத்துப் பள்ளத்தை, கடைசியாகத் தண்ணீர் நிற்கும் இடத்தை, தொடாமல் விட்டால் இன்னும் நல்லது.

கரையும் முக்கியம். பாலாமை தண்ணீரை ஒட்டிய மண்ணில் குழி தோண்டி முட்டையிடும், ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து பதினாறு வரை. முட்டைக்குள் கரு உடனே வளர்ந்துவிடாது, சில காலம் அப்படியே நின்று பிறகுதான் வளரும். அதனால் முட்டை பல மாதம் மண்ணுக்குள் கிடக்கும். நாமோ கரையைச் செப்பனிடுகிறோம் என்று மண்ணைப் புரட்டுவோம், இல்லாவிட்டால் கல் பதித்துச் செங்குத்தாகச் சுவர் எழுப்புவோம். பார்க்க அழகாக இருக்கிறது, நடைபாதை போட வசதி. தண்ணீரிலிருந்து ஏறி வரும் ஆமைக்கு அந்தச் சுவர் முடிவு. ஒரு பக்கமாவது சரிவான மண்கரை வேண்டும் என்று ஏரி வேலை நடக்கும் ஊர்க்கூட்டங்களில் நான் பல தடவை பேசியிருக்கிறேன். இரண்டு இடத்தில் கேட்டார்கள்.

நம் மாவட்டத்தில் வேறு என்ன ஆமை பார்க்கலாம் என்றால், காராமையைத் தேடிப் பாருங்கள். கறுத்த ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று மேடு. இருட்டும் நேரத்தில்தான் நடமாட்டம் அதிகம். வறண்ட முட்காட்டுக்கு உரியது நட்சத்திர ஆமை. மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும், யானைக்கால் மாதிரித் தூண்கால். இது தரை ஆமை, நீந்தத் தெரியாது. ஆமை என்றாலே தண்ணீர் என்று நினைத்து யாரோ இரக்கப்பட்டு ஒன்றைக் கிணற்றில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் ஓடிப்போய், வாளி இறக்கி எடுப்பதற்குள் அது மூழ்கிவிட்டது. அந்த வாளி மேலே வந்தபோது அதில் தொங்கிய கழுத்தை என்னால் மறக்க முடியவில்லை. தயவுசெய்து இதைத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லுங்கள். நட்சத்திர ஆமையைக் கடத்தி விற்பதும் பெரிய அளவில் நடக்கிறது, அதனால்தான் 2019-ல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதல் இணைப்புக்கு அதை ஏற்றினார்கள்.

மீன்தொட்டிக் கடைகளில் காசு அளவில் பச்சையாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு விற்கிறார்களே, அது சிவப்புக்காது ஆமை, மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சரக்கு. இரண்டு வருடத்தில் தொட்டி கொள்ளாது. பாவம் என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களில் அதுவும் ஒன்று. உள்ளூர் ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு கால்வாயில் இது கிடைத்த பிறகு, மாநில வன ஆராய்ச்சி நிலையம் மக்களிடமிருந்து இவற்றைத் திரும்ப வாங்கவே ஏற்பாடு செய்தது. கன்னங்குறிச்சி மூக்கனேரி, ஏற்காட்டுப் படகு ஏரி போன்ற மக்கள் கூடும் நீர்நிலைகளில் காலை வெயிலில் கரைக்கட்டையில் ஏறிக் காய்வது எந்த ஆமை என்று ஒரு வருடம் படம் எடுத்துப் பட்டியல் போட்டாலே உருப்படியான ஆய்வு. கை வைக்கத் தேவையில்லை, அனுமதியும் தேவையில்லை.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் கேட்கிறார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பிரம்பு ஆமை இருக்குமா என்று. இருக்காது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் சொந்தம், சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஆனால் மலைக்கும் நம் ஆமைக்கும் வேறு உறவு இருக்கிறது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் சேர்வராயனில் இருந்துதான் இறங்குகின்றன. சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1500 மீட்டரில், நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. இந்தச் சின்ன தூரத்துக்குள் ஓடை எத்தனை விதமாக மாறுகிறது! எந்த உயரம் வரை எந்த ஆமை ஏறிப் போகிறது என்று ஓடை ஓடையாகப் பார்த்து எழுதுவது உங்கள் வயதில் இரண்டு கால் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. கீழே சாயக் கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் சேரும் இடத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று ஒப்பிட்டாலும் நல்ல கேள்வி கிடைக்கும்.

காவிரியை மறந்துவிடாதீர்கள். மேட்டூர் அணை நம் மாவட்டம்தானே. தீபகற்ப இந்தியாவின் ஆறுகளில் மட்டும் வாழும் லீத் மெல்லோட்டு ஆமை என்று ஒன்று உண்டு, காவிரியும் அதன் ஆறுதான். பெரியது, இன்று மிகவும் அருகிவிட்டது. 2022-ல் பனாமாவில் நடந்த மாநாட்டில் இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் அதன் பன்னாட்டு வணிகத்தை முழுதாகத் தடுத்தார்கள். இப்படி அரிதான ஆமையை வலை போட்டுத் தேடுவது வீண். ஆற்றோடு இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். கேரளத்தில் சந்திரகிரி ஆற்றில் ஆயுஷி ஜெயின் என்ற இளம் ஆய்வாளர் அப்படித்தான் செய்தார். கேன்டர் மெல்லோட்டு ஆமையை அங்குள்ளவர்கள் பீமனாமை என்பார்கள். எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரியது என்று மீனவர்களிடமும் கரையோர மக்களிடமும் கேட்டுக் கேட்டு, அந்த ஆமை அங்கே முட்டையிடுவதையே பதிவு செய்தார். வெள்ளத்தில் மூழ்கிய முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். 2024-ல் அது வெளியானது. விஜயாவுக்குக் காடர்கள், இவருக்குச் சந்திரகிரிக்காரர்கள். மேட்டூரில் பரிசல்காரர்களும் மீனவர்களும் இருக்கிறார்கள். பண்ணவாடிப் பக்கம் போய் ஒரு பெரியவரிடம் "ஐயா, மெத்து ஓடு ஆமை பார்த்திருக்கீங்களா?" என்று தொடங்குங்கள். தூண்டிலில் மாட்டியது, வலையைக் கிழித்தது என்று கதை வரும். தேதியும் இடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வனத்துறை ஆள் இல்லை, படிக்கிற பையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

கடல் ஆமை மேல் உங்களுக்கும் ஆசை இருந்தால் சதீஷ் பாஸ்கரைப் பற்றித் தேடிப் படியுங்கள். ஐ.ஐ.டி.யில் பொறியியல் சேர்ந்தவர், படிப்பைவிட்டுக் கடற்கரைக்கு நடந்துவிட்டார். இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே ஆமைத்தடம் தேடினார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் தனியாக ஐந்து மாதம் தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் போட்டுக் கடலில் எறிந்தார், அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 2023-ல் காலமானார். இவர்கள் யாரும் பெரிய கருவிகளோடு தொடங்கியவர்கள் இல்லை.

படிப்பு, அனுமதி பற்றிச் சுருக்கமாக. வன உயிரியல் முதுகலைக்கு நம் பக்கத்தில் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது, டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம் இருக்கிறது, ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையமும் இருக்கிறது. ஆமையைப் பிடித்து அளக்க வேண்டுமென்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நேரமாகும், பொறுமையாக இருங்கள். அதுவரை தொடாமல் செய்யும் வேலைகளே ஏராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சாலையில் அடிபட்ட ஆமையின் ஓட்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, அதை வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்தான். ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், போதும்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள், கெட்டி அட்டை போட்டது. முதல் பக்கத்தில் உங்கள் அண்டா ஆமையை எழுதுங்கள். கிடைத்த தேதி, நேரம். ஏரியின் பெயர், மதகிலிருந்து எத்தனை அடி தள்ளி. ஜேசிபி எவ்வளவு ஆழம் தோண்டியபோது வந்தது. அந்த இடத்து மண் களிமண்ணா, மணலா, கையில் பிசைந்தால் ஈரம் இருந்ததா. ஓட்டின் நீளம், தைக்கும் டேப்பால் வளைத்து அளக்காமல் இரண்டு பக்கமும் புத்தகத்தை நிறுத்தி இடைவெளியை அளந்தது. வால் குட்டையா, நீளமா. எங்கே, யார் முன்னிலையில் திரும்ப விட்டீர்கள். வண்டி ஓட்டியவரிடமும் கேளுங்கள், அவர் வாளியில் இதற்கு முன்பு எத்தனை வந்தன, எந்த ஏரியில் என்று. அவர் நம் மாவட்டத்தில் எத்தனையோ ஏரிகளின் அடியைப் பார்த்தவர், அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.